கவிழ்த்துப் பார்க்காத சீர்க்கோழிகள்

கூடையின் வாய்க்குப் பழைய ஜமக்காளத் துண்டு ஒன்றைப் போட்டுச் சுற்றிலும் சணலால் தைத்திருந்தது. சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட துண்டு. அதில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு கோழி தலையை நீட்டி, பீளமேட்டில் எங்கள் வீட்டு வாசலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள் என் நங்கை. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் வீட்டில் நங்கை என்றுதான் சொல்வோம். பவானியிலிருந்து விடியலில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, மில் பக்கம் இறங்கி நடந்து வந்திருந்தாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அவள் கட்டியிருந்த வெள்ளைச் சீலையின் மடிப்பெல்லாம் புழுதி. என் அண்ணன் இறந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஏனுங் அம்மிணி, வாங்கிக்குங்க. தை நோம்பிக்குப் பொறந்த ஊட்டுச் சீருங்க" என்றாள். பொங்கலைத்தான் எங்கள் பக்கம் தை நோம்பி என்போம்.

இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். கூடையின் அடி வெதுவெதுவென்று இருந்தது. என் மணிக்கட்டில் என்னவோ பொடியாக ஊர்ந்தது. சீலையில் துடைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் என் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

நேரே பொடக்காளிக்குப் போனேன். பொடக்காளி என்றால் வீட்டின் பின்புறம். கூடையின் தையலைப் பிரித்து மூன்று கோழிகளையும் என்னுடைய கோழிகளோடு திறந்துவிட்டேன். கவிழ்த்துப் பார்க்கவில்லை. தனியாக வைக்கவில்லை.

போன மாதம் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார், நாட்டுக்கோழி வாங்கினால் அதில் பூச்சி பொட்டு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று. பாவம், அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அந்தக் கூடை ஞாபகம் வந்துவிட்டது. எழுதலாமா வேண்டாமா என்று ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் உடம்பு அலுப்பாக இருக்கிறது, வேறு எதையும் யோசிக்கத் தெம்பில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

நான் போட்ட சட்டம்

முதலில் வாசகியின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு அவர் கோழியாவது பிழைக்கட்டும்.

நான் பீளமேட்டுக்குக் குடித்தனம் வந்த புதிதில் சந்தையில் நான்கு கோழி வாங்கினேன். கொண்டை சிவந்து, இறகு பளபளத்து, பார்க்க மணப்பெண் மாதிரி இருந்தன. ஒரு மாதத்துக்குள் நான்கும் செத்தன. பக்கத்து வீட்டுக்கார அம்மாள் வந்து ஒரு கோழியைத் தூக்கி இறகை விலக்கிக் காட்டினாள். தோல் தெரியாத அளவுக்குச் செள். பேனை விடச் சின்னது, கோழியின் ரத்தத்தைக் குடித்துக்கொண்டே அதன் மேலேயும் கூண்டுச் சந்திலும் குடித்தனம் நடத்துகிற பூச்சி. விற்றவன் சந்தைக்கு வருமுன் கோழிக்கு எண்ணெய் தடவி மினுக்கியிருக்கிறான். நானும் மினுக்கைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு என் வீட்டில் ஒரு சட்டம். எந்தக் கோழி வந்தாலும், யார் கொடுத்தாலும், நேரே கொடாப்புக்குள். கொடாப்பு என்பது மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கவிழ்கூடை. பொடக்காளியின் கடைசி மூலையில், முருங்கை மரத்தடியில் அதைக் கவிழ்த்து வைத்திருப்பேன். பதினைந்து நாள் அதற்குள்தான் வாசம். தீனியும் தண்ணீரும் தனி.

போடுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை. காலை வெயிலில் உட்கார்ந்து, கோழியின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, மடியில் மல்லாக்கப் போட வேண்டும். வாலடியில், அது முட்டையிடும் இடத்தைச் சுற்றி, வாயால் ஊத வேண்டும். இறகு விலகும். வெளிச்சம் பட்டதும் செள் ஓடும். பேன் இருந்தால் இறகின் அடியில் வெள்ளையாக அரிசி நொய் ஒட்டினாற்போல் முட்டைகள் தெரியும். அக்குள் பார்க்க வேண்டும். கண்ணோரமும் கொண்டை மடிப்பும் பார்க்க வேண்டும். கால் செதில் படிந்து இருக்கிறதா, ஓடு கிளம்பினாற்போல் தூக்கிக்கொண்டு இருக்கிறதா என்று தடவ வேண்டும். தூக்கிக்கொண்டு இருந்தால் அதற்குள்ளும் பூச்சி. நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் குத்தினால் வயிற்றில் புழு இருக்கலாம், எச்சத்தைக் கிளறிப் பார்த்துவிடுவது நல்லது.

இது ஊரெல்லாம் தெரிந்த விஷயம். "அந்த அம்மிணி ஊட்டுக்குக் கோழி கொண்டு போனா டாக்டர் சர்ட்டிபிகேட் வேணுங்க" என்று மில் லைன் வீடுகளில் கேலி பேசுவார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொள்வார். அவர் பஞ்சு மில்லில் பிட்டர். ஷிப்ட் முடிந்து வந்தால் தலையெல்லாம் பஞ்சு. "எனக்கும் ஊதிப் பாத்துட்டு உள்ள உடு" என்பார். நான் சிரிக்க மாட்டேன். நான்கு கோழியைப் புதைத்தவள் நான்.

இவ்வளவு சட்டம் பேசுகிறவள் அந்த மூன்று கோழிகளை மட்டும் ஏன் அப்படியே உள்ளே விட்டேன்?

கக்கம் பார்த்த காலம்

அதற்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் பக்கம் பிளேக் வந்தது. வீடுகளைக் காலி பண்ணிவிட்டுக் காட்டில் சாளை, அதாவது குடிசை, போட்டு இருந்தோம். அப்போது ஊருக்குள் வருகிறவர்களை எல்லையிலேயே நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, கக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் என் அப்பாவின் மைத்துனர் வந்தார். அவரையும் நிறுத்திவிட்டார்கள். நல்ல சட்டை போட்டு, தலையில் உருமால் கட்டி, கையில் பழம் வைத்துக்கொண்டு வந்த மனிதர். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அவர் கழற்றவில்லை. பழத்தை அந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவே இல்லை. நிறுத்தியது ஊர்க்காரர்கள். ஆனால் என் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு தடுக்காமல் இருந்தார் என்பதுதான் அவருடைய வருத்தம்.

எங்கள் ஜனத்துக்கு மரியாதை என்றால் உயிர். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். அந்த மரியாதையால் நன்மையும் உண்டு, சனியனும் உண்டு. ஒறம்பரை, அதாவது உறவுக்காரர்கள், கொண்டுவந்ததைப் பிரித்து முகர்ந்து பார்ப்பது எங்களில் செருப்பால் அடிப்பதற்குச் சமம். அதுவும் சீராக வந்தது என்றால் கேட்கவே வேண்டாம்.

மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார்

மாமியாரைக் கொடுமைக்காரியாக எழுதினால் படிக்கிறவர்களுக்கு ருசியாக இருக்கும். என் மாமியார் அப்படி இல்லை. எனக்கு ஒருநாளும் சோறு குறைத்தவர் இல்லை. ஆனால் அவருக்குச் சாமியை விட வழக்கம் பெரிது. எதற்கு எது முறை, யார் யாருக்கு எத்தனை அடி எதிரே போய் வரவேற்க வேண்டும், எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அண்ணன் போன பிறகு அவர் ஒரே ஒருமுறை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்.

"தை நோம்பிக்குச் சீர் வருதான்னு பாப்போம் அம்மிணி. பொறந்தவனே போயிட்டான். இனி அந்த ஊட்ல உனக்குன்னு ஆரு இருக்காங்க? வரலீன்னா போக்குவரத்து அத்தோட சரி. நாமளும் போயி அவிகளச் சங்கடப்படுத்த வேண்டாம்."

இதுதான் விஷயம். என் அப்பா அம்மா முன்பே போய்விட்டார்கள். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் மிச்சம் இருந்தது நங்கை ஒருத்திதான். என்னை விட இரண்டு வயதுதான் மூத்தவள். சீர் வராவிட்டால் நான் பிறந்த வீடு என்று ஒன்று இனி இல்லை. நானாக அங்கே போகவும் முடியாது. மார்கழி முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் அவள் கூடையோடு வந்து நின்றாள். கூடையில் மூன்று கோழி, கக்கத்தில் சுருட்டிய புது ஜமக்காளம் ஒன்று. மாமியார் அவள் வெள்ளைச் சீலையைப் பார்த்தார். சீர் கொண்டுவருகிற கை எப்படி இருக்க வேண்டும் என்றும் ஒரு வழக்கம் இருக்கிறது. பிறகு மாமியார் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

"வா கண்ணு. உள்ள வந்து உக்காரு" என்றார்.

அந்த ஒரு சொம்புத் தண்ணீருக்காக அவரை நான் சாகும்வரை கும்பிடக் கடமைப்பட்டவள். இப்போது சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை அவள் குடித்துக்கொண்டிருக்கும்போது, மாமியார் கண் முன்னால், அவள் கொண்டுவந்த கோழியை மல்லாக்கப் போட்டு வாலடியில் ஊத முடியுமா? கொடாப்பில் போட்டிருந்தாலும் போதும், 'பொறந்த ஊட்டுக் கோழியவே இவ நம்பலையா' என்று கேள்வி வந்திருக்கும். பூச்சி இருந்து அது மாமியார் கண்ணில் பட்டிருந்தால், செள்ளுப் பிடித்த சீர் என்ற பெயர் பவானி வரைக்கும் போயிருக்கும்.

மணிக்கட்டில் ஊர்ந்தது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் திறந்துவிட்டேன்.

அடைக்கோழி

நங்கை இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். மறுநாள் கூண்டுக்குள் கோழிகள் ஏறி உட்காரும் மூங்கிலை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். ரத்தம் குடித்த செள் அதன் இடுக்கில் ஒளிந்திருந்தால் துணியில் சிவப்பாக நசுங்கும். துணியில் ஒன்றும் இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு வாரம் கழித்துத் துடைத்தேன், ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. வெற்றிலை எச்சில் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டில் கோழிக் கூண்டுக்குள் போய் வெற்றிலை துப்புகிறவர் யாரும் இல்லை.

மூன்றாம் வாரம் துணி முழுக்க ரத்தக் கோடு.

அப்போது மாமியாருடைய கருங்கோழி அடையில் இருந்தது. பதினோரு முட்டை. கூண்டுக்கு உள்ளே ஒரு முறத்தில் வைக்கோல் போட்டு அவரே உட்கார வைத்திருந்தார். அது அவருடைய செல்லம். வெளியே போய்த் திரும்பினால் முதலில் அதைத்தான் கூப்பிடுவார். அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்திருக்காது. ஊர்ந்து வருகிற பூச்சிக்கு அதை விட வசதியான இடம் வேறு இல்லை. மற்றக் கோழிகளாவது மண்ணில் புரண்டு உதறும். இது உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் மாமியார் தீனி கொண்டுபோனார். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அம்மிணி, கருப்பி எந்திரிக்கலையே. கூப்பிட்டா பாக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். முட்டைமேல் இறகை விரித்தபடி செத்திருந்தது. கொண்டை சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை. அடியில் முட்டைகள் சில்லென்று இருந்தன. குஞ்சு பொரிக்க ஐந்தாறு நாள்தான் பாக்கி.

"வயசாயிப்போச்சுங்களே அத்தை" என்றேன்.

"ஆமா. அதுக்கும் வயசுதான்" என்று சொல்லிவிட்டு அவர் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

எனக்கு உடம்பு கூசியது. இன்றைக்கு இதை எழுதும்போதும் கூசுகிறது.

இல்லாத ஒரு வழக்கம்

அன்று மில் சங்கு ஊதி வீட்டுக்காரர் வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கால்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடலாம் புள்ள" என்றார்.

"சொன்னீங்கன்னா நான் கெணத்துல உளுந்துருவனுங்க."

"செரி, உளுவாத. என்ன பண்ணோணும்னு சொல்லு."

என்ன பண்ண வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒளித்துப் பண்ணுவது எப்படி என்றுதான் தெரியவில்லை. பதினான்கு கோழிகளையும் ஒவ்வொன்றாகக் குளிப்பாட்ட வேண்டும். கூண்டைப் பிரித்துப் போட வேண்டும். மாமியார் வீட்டில்தான் இருப்பார். என்ன சொல்வது?

மறுநாள் காலை அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் கொதித்துக்கொண்டிருக்கும்போது அவர் வந்து நின்று "என்னம்மிணி இது?" என்று கேட்டார். என் வாயிலிருந்து ஒரு பொய் தானாக வந்து விழுந்தது.

"சீர்க்கோழிக்கு மஞ்சத் தண்ணி வாக்கறதுங்க அத்தை. எங்க ஊர்ப்பக்கம் வழக்கமுங்க. பத்து நாளைக்கு ஒருக்கா, மூணு தடவை வாக்கோணுங்க. கூட இருக்கற கோழிகளுக்கும் சேத்துத்தானுங்க."

வழக்கம் என்று சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. "அதுக்கென்ன, செய்ய வேண்டியதச் செஞ்சுதான ஆவோணும்" என்றார். போதாக்குறைக்கு, "மொத நாளே ஏன் செய்யலே?" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

பத்து நாள் கணக்கு நான் விளையாட்டாகச் சொன்னதல்ல. ஒரு தடவை கழுவினால் ஓடுகிற பூச்சிதான் சாகும். இறகடியில் இருக்கும் முட்டை அப்படியே இருக்கும், பத்து நாளில் பொரித்து வரும். அதனால் மறுபடி. அதற்கும் மறுபடி.

அந்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் தோள் வலிக்கிறது. மஞ்சள் தண்ணீரோடு ரகசியமாகப் புகையிலை ஊறிய தண்ணீரும் சேர்த்தேன். வீட்டுக்காரர் கோழியின் காலைப் பிடித்துக்கொள்வார், நான் தலையை மட்டும் வெளியே நிறுத்திக் கழுத்து வரைக்கும் முக்கி, இறகை எதிர்ப்புறமாகக் கோதிவிடுவேன். மூன்றாவது கோழியிலேயே புகையிலை கூடிப்போய்விட்டது. அது கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டது. சீர்க்கோழிகளில் ஒன்று வேறு. நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் போட்டு, சீலையால் விசிறி, அது கண் திறக்கிற வரைக்கும் நான் கும்பிடாத சாமி இல்லை. மறு தடவையிலிருந்து புகையிலையைக் கால்வாசியாகக் குறைத்தேன்.

கால் செதில் தூக்கியிருந்தவற்றுக்கு விளக்கெண்ணெய் தடவினேன். "மில்லுல மெசினுக்கு கிரீஸ் போடறேன், ஊட்ல கோழிக்குப் போடறேன். எனக்கு ஆரு போடுவாங்க?" என்றார் வீட்டுக்காரர். ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருந்த மனிதர். நான் அடுத்த கோழியைப் பிடித்துக் கொடுத்தேன்.

அடை வைத்த முறத்தையும் வைக்கோலையும் எரித்தேன். மூங்கில்களைப் பிடுங்கி எரித்துவிட்டுப் புதிது போட்டேன். கூண்டின் சந்து பொந்தெல்லாம் சீமெண்ணெய் விட்டு, மேலே சுண்ணாம்பு அடித்தேன். முருங்கை மரத்தடியில் குழி தோண்டிச் சாம்பலும் காய்ந்த வேப்பிலைப் பொடியும் கொட்டினேன். கோழிகள் அதில் புரண்டு குளித்தன. எல்லாவற்றுக்கும் மாமியாரிடம், "இதுவும் வழக்கமுங்க." அவர் நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டுகிற மனிதரிடம் பொய் சொல்லலாம். நம்புகிறவரிடம் சொல்வது பெரிய பாரம்.

மூன்று தடவை முடிந்து, பங்குனியில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. நான் அக்கடா என்று உட்கார்ந்தேன். மாமியார் விடவில்லை. பத்தாம் நாள் காலையில் அவரே அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மூணோட நிறுத்திப்போட்டா எப்படி அம்மிணி? நல்ல வழக்கம். கோழியெல்லாம் எப்படித் தெளிஞ்சிருச்சு பாரு!"

லைனில் நான்கு வீட்டுக்காரிகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். சித்திரை வெயிலில், வீட்டுக்கு வீடு பெண்கள் கோழியை மஞ்சள் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "பவானிப்பக்க வழக்கமுங்க." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆடியில் வந்தாள்

ஆடி நோம்பிக்கு நங்கை மறுபடி வந்தாள். இந்தத் தடவை மாமியாரே வாசலுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். உட்கார வைத்து, சொம்பைக் கையில் கொடுத்த கையோடு ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்கண்ணு, உங்க ஊர்ல சீர்க்கோழிக்கு மஞ்சத் தண்ணி வாக்கற வழக்கம் எப்பப் புடிச்சு? நல்ல வழக்கம். நாங்க இன்னும் உடாம செஞ்சிட்டு வாரோம்."

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. நங்கை தண்ணீரைக் குடித்து முடித்தாள். மாமியார் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"அது ரொம்ப நாளாவே இருக்குதுங்க அத்தை" என்றாள்.

அப்புறம் கோழிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொடக்காளிக்குப் போனாள். நானும் போனேன். அவள் கூண்டுச் சுவரில் அடித்திருந்த சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தாள். புது மூங்கில்களைப் பார்த்தாள். சாம்பல் குழியைப் பார்த்தாள். அவளும் கோழி வளர்த்தவள்தான். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை.

"எத்தனை போச்சுங்க?" என்றாள்.

"ஒண்ணுதானுங்க நங்கை. அடைக்கோழி. உங்க கோழி மூணும் நல்லாத்தான் இருக்குது."

அவள் முருங்கை மரத்தடியில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"எனக்குத் தெரியுமுங் அம்மிணி. கூடையில போடறப்பவே தெரியும். உங்கண்ணன் போனதுக்கப்பறம் நான் கோழிக் கூண்டுப் பக்கமே போகலீங்க. என்னையே நான் பாக்கலை, கோழிய எங்க பாக்கறது? நோம்பி வருது, சீர் கொண்டு போகோணும்னு கூண்டத் தெறந்தா இந்த மூணுதான் உசுரோட இருந்துச்சு. வேற ஊட்ல கேட்டா, அறுத்தவளுக்கு எதுக்குச் சீர் செனத்தின்னு சிரிப்பாங்க. வராம இருந்தா உங்களுக்கு ஒரு பேச்சு வரும். வேற வழி தெரியலீங்க."

நானும் அவள் பக்கத்தில் குந்தினேன்.

"பஸ்ஸுல மடியில வெச்சிட்டு வந்தனுங்க. வெள்ளைச் சீலையா, செவப்பா ஓடறது நல்லாத் தெரிஞ்சுது. பக்கத்துல உக்காந்திருக்கறவங்க பாத்துருவாங்களோன்னு ஒவ்வொண்ணாப் பொறுக்கி நசுக்கிட்டே வந்தேன். பவானியில ஆரம்பிச்சு பீளமேடு வரைக்கும். எறங்கி நடக்கறப்பத்தான் ஒரு தைரியம் வந்துச்சு. எங்கம்மிணி யாரு கோழி குடுத்தாலும் கவுத்துப் பாக்காம உட மாட்டாங்க, கொடாப்புல போட்டுருவாங்க, நாம வாயத் தொறந்து சொல்ல வேண்டியதில்லைன்னு." என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க பாக்காம உட்டீங்க?"

"நீங்க கொண்டாந்ததாச்சுங்களே" என்றேன்.

அவள் சொல்லாதது என் மரியாதைக்காக. நான் பார்க்காதது அவள் மரியாதைக்காக. இரண்டு மரியாதைக்கும் நடுவில் ஒரு கருங்கோழி உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போனது. எனக்கு அழுகை வந்தது. அண்ணன் செத்ததற்கு இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அவன் காரியத்தன்று வந்தவர்களுக்கு மரியாதை செய்வதிலேயே எங்களுக்குப் பொழுது போய்விட்டிருந்தது.

மூன்றாம் நாள் அவள் கிளம்பினாள். சீர் கொண்டுவந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. மாமியாரே முட்டையிடும் பருவத்துக்கு வந்த இரண்டு விடைக்கோழிகளைப் பிடித்து, காலைக் கட்டி, "கொண்டுபோயி வளத்துக் கண்ணு" என்று நீட்டினார். நங்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"பாத்து வாங்குங்க நங்கை" என்றேன் நான். சத்தமாகவே சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாசற்படியிலேயே, நல்ல வெயிலில், வெள்ளைச் சீலையை மடிமேல் இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் கோழியை மல்லாக்கப் போட்டாள். வாலடியில் ஊதினாள். அக்குளைப் பிரித்துப் பார்த்தாள். கால் செதிலைத் தடவினாள். அப்புறம் இரண்டாவதை எடுத்தாள். அவசரமே இல்லை.

மாமியார் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

"என்னம்மிணி பண்றா அவ?"

"எங்க ஊர் வழக்கமுங்க அத்தை" என்றேன்.

நங்கை தலையை நிமிர்த்தாமல், "ஆமாங்க" என்றாள். அவள் மடியில் அந்த வெள்ளைச் சீலை சுத்தமாக இருந்தது.